மேடேறும்போது மைலோ டின் சத்தம்: புளோக் மாற்றிய மோட்டாரில் நாக்கிங் ஏன்?

2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்ற எரிபொருள் மானியத் திட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது. ரோன்97க்கு அந்தச் சலுகை இல்லை. அது சந்தை விலைக்குத்தான் போகிறது, அடிக்கடி மாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விரிந்ததும், தாப்பா போன்ற தோட்டப்புற ஊர்களின் மோட்டார் (மோட்டார்சைக்கிள்) கடைகளில் பழைய கேள்வி ஒன்று புதிதாய்க் கிளம்பியிருக்கிறது: "அண்ணே, புளோக் மாத்துனதுலேர்ந்து மேட்டுல டிக் டிக்குனு அடிக்குது. 97 ஊத்துனா போயிடுமா?"

புளோக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் பகுதி. சத்தம் போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும் வியாதி தீர்ந்தது என்று அர்த்தமில்லை. ஏன் என்று தெரிய, சத்தம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எது நாக்கிங், எது இல்லை

மைலோ டின்னில் நாலைந்து சில்லறைக் காசைப் போட்டு வேகமாகக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி மெல்லிய உலோகச் சத்தம். சிலர் பிங்கிங் என்பார்கள், நம் கடைகளில் நாக்கிங் என்ற பேர்தான் அதிகம். தட்டையான ரோட்டில் மெதுவாகப் போகும்போது கேட்காது. நாலாம் கியரில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, கேமரன் மலைக்குப் போகும் 59ஆம் எண் சாலையில் ஏறும்போது திராட்டலைப் பாதிக்கு மேல் முறுக்கினால் கேட்கும். கையைத் தளர்த்தியதும் நின்றுவிடும். நாக்கிங்கின் கையெழுத்தே அதுதான்: பாரம் ஏறினால் வரும், பாரம் இறங்கினால் போகும்.

நியூட்ரலில் நிற்கும்போதே தட்டினால் அது வேறு. டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், வால்வு இடைவெளி கூடியிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடேறியதும் அடங்கினால் புளோக்குக்குள் பிஸ்டன் ஆடுகிறது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஏற்றிய எஞ்சினில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுவதால் இது அடிக்கடி காதில் விழும். இவற்றுக்கெல்லாம் ரோன்97 ஊற்றுவது, பல்வலிக்குக் கண் மருந்து போடுகிற கதை.

உள்ளே என்ன நடக்கிறது

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே அழுத்துகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக் பொறி விடுகிறது. பெட்ரோல் ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. பிளக் முனையில் பிடித்த தீ, ஊதிய பலூன் போலப் பெரிதாகிக்கொண்டே ஓரத்தை நோக்கிப் போகிறது. அதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் பொறியை முன்கூட்டியே விடுகிறோம். எத்தனை டிகிரி முன்கூட்டி என்பதுதான் டைமிங்.

தீ பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை நசுங்குகிறது, சூடேறுகிறது. தீ வந்து சேரும்வரை அது தாங்கிக்கொண்டால் எரிப்பு முறையாக முடியும். தாங்காவிட்டால் அந்த மூலை முழுவதும் தானாகவே ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை எரிப்பறையின் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். நம் காதில் விழுவது அந்த எதிரொலி. போர் சிறியதாக இருந்தால் சுருதி கூடும். 57 மில்லிமீட்டர் போரில் அது ஏறக்குறைய 9,000லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை வரும். அதனால்தான் கப்சாய் என்ற சிறிய மோட்டாரில் அது பெரிய கார் எஞ்சினைவிட மெல்லிய கிணுகிணுப்பாகக் கேட்கிறது.

ஆக மூன்று விஷயங்கள் கூட்டாகச் சேர்கின்றன: அழுத்தம், சூடு, நேரம். நேரம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லிவிநாடி ஆகிறது. 9,000ல் அதே சுற்று 7 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஓரத்துக் கலவை வெந்துபோக அதிக நேரம் கிடைக்கிறது. கியரைக் குறைக்காமல் மேட்டில் முக்கி முக்கி ஏறுகிறவர் மோட்டாரில் இந்தச் சத்தம் முதலில் வருவதற்குக் காரணம் அதுதான்.

பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்வது வேறொரு கோளாறு. பிளக் முனையோ கரித்துண்டோ கனன்றுகொண்டிருந்து கலவையை முன்னதாகக் கொளுத்திவிடும். சத்தமே இல்லாமல் பிஸ்டனில் ஓட்டை போடுவது பெரும்பாலும் இதுதான். நாக்கிங் நீண்டால் சூடு ஏறி, இதில் போய் முடியும்.

ரோன் எண் சொல்வது பலம் அல்ல, பொறுமை

ரோன் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் இல்லை. தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் காட்டுகிறது. ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, சோதனைக்கென்றே உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சினை 600 ஆர்பிஎம்மில் ஓட்டி ஒப்பிடுகிறார்கள். 95 ஐசோ-ஆக்டேனும் 5 ஹெப்டேனும் கலந்த கலவைக்குச் சமமாகத் தாங்கினால் அது ரோன்95. அவ்வளவுதான்.

எனவே பழைய கார்போரேட்டர் ஹோண்டா ஈஎக்ஸ்5 போல அழுத்தம் குறைந்த, எதையும் மாற்றாத எஞ்சினில் ரோன்97 ஊற்றினால் கிடைப்பது மனத்திருப்தி மட்டுமே.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அமெரிக்கக் காணொளிகளில் "இந்தக் கம்ப்ரஷனுக்கு 91 போதும்" என்பார்கள். (கம்ப்ரஷன் என்பது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதம்.) அவர்கள் பம்பில் எழுதியிருப்பது ரோன் அல்ல. ரோனையும், இன்னும் கடுமையான இன்னொரு சோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி அது. அவர்களுடைய 91 நம்முடைய 95, 96க்குப் பக்கத்தில் வரும். 87 என்பது ஏறக்குறைய ரோன் 91 அல்லது 92. அதைப் பார்த்து "நம்ம 95 அவங்க 91ஐவிட ரொம்ப உசத்தி" என்று நினைத்து ஹெட்டை (சிலிண்டரின் மூடி) இன்னும் பப்பாஸ் போட்டால், அதாவது அதன் அடியைச் சீவினால், கணக்கு கவிழ்ந்துவிடும்.

புளோக் மாற்றினால் கம்ப்ரஷன் எங்கே போகிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படிக்கலாம். கடைகளில் கேட்கும் நாக்கிங் கதைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிச்சு இருக்கிறது என்பது என் கணிப்பு.

யமஹா ஒய்15இசட்ஆரை எடுத்துக்கொள்வோம். போர் 57, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 58.7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 149.8 சிசி. கம்பெனி கம்ப்ரஷன் 10.4க்கு 1. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 15.9 சிசி.

இப்போது 62 மில்லிமீட்டர் புளோக் போடுகிறோம். ஸ்ட்ரோக் அதேதான். கொள்ளளவு 177.2 சிசி ஆகிறது. ஹெட்டைத் தொடவில்லை, பிஸ்டன் தலையின் வடிவமும் பழையதைப் போலவே என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள இடம் அதே 15.9. கீழேயிருந்து வருகிற கலவையோ 27 சிசி அதிகம். கம்ப்ரஷன் 12.1 ஆகிவிட்டது. யாரும் கம்ப்ரஷனை ஏற்றவில்லை, அதுவாக ஏறிவிட்டது.

"கூடவே ஹெட்டையும் அரை மில்லிமீட்டர் பப்பாஸ் போட்டுவிடு தம்பி, புறப்பாடு நல்லா இருக்கும்" என்று ஒருவர் சொல்கிறார். 62 மில்லிமீட்டர் வட்டத்தில் அரை மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1.5 சிசி. மிஞ்சும் இடம் 14.4. கம்ப்ரஷன் 13.3. கம்பெனி டைமிங்கோடு இதை ரோன்95ல் ஓட்டிவிட்டு, "எண்ணெய் சரியில்லை" என்று பம்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

பக்கத்து லயத்துப் பையனின் மோட்டாரிலும் அதே புளோக், அதே பெட்ரோல். அவனுடையது சத்தம் போடுவதில்லை. ஏன்? பெரும்பாலும் கேம், அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டு. ரேசிங் கேம் போட்டால் உள்ளே இழுக்கும் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், குறைந்த ஆர்பிஎம்மில் கொஞ்சம் கலவை வந்த வழியே திரும்பிப் போகும். காகிதத்தில் 12 என்றாலும் உள்ளே உண்மையில் நசுங்குவது குறைவு. கம்பெனி கேமோடு 12 என்றால் அந்த நசுக்கல் முழுதாக விழும். "அவனுக்குச் சரியாத்தானே ஓடுது" என்பது எதற்கும் சான்று ஆகாது.

கம்ப்ரஷனை 11க்குக் கொண்டுவர வேண்டுமென்றால், 177.2 சிசிக்கு மேலே 17.7 சிசி இடம் வேண்டும். கூடுதலாக 1.8 சிசி. ஹெட்டுக்கும் புளோக்குக்கும் நடுவில் 0.6 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்த கேஸ்கெட் போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் வேறு ஒன்று கெடும். பிஸ்டன் ஓரமும் ஹெட்டின் ஓரமும் மிக நெருங்கி வரும்போது நடுவில் உள்ள கலவை பிதுங்கி மையத்துக்கு ஓடும். அதற்கு ஸ்க்விஷ் என்று பேர். ஓரத்தில் கலவை தேங்காமல் காப்பாற்றுவதே அதுதான். அந்த இடைவெளி 0.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. தடித்த கேஸ்கெட் அதை 1.4 ஆக்கிவிட்டால், கம்ப்ரஷன் குறைந்தும் சத்தம் நிற்காமல் போகலாம். பிஸ்டன் தலையில் குழி உள்ளதை வாங்குவது, அல்லது ஹெட்டின் குழியை அளந்து பெரிதாக்குவதுதான் சரியான வழி. காசும் கூடுதலாகும், மறுப்பதற்கில்லை.

புளோக்கோடு சேர்ந்து வரும் மற்ற காரணங்கள்

1. கலவை மெலிவு. காற்று வடிகட்டியைக் கழற்றி மொட்டையாக விட்டு, எக்ஸோஸ்டும் மாற்றி, ஜெட்டை (கார்போரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மட்டும் பழையபடி விட்டால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. மெலிந்த கலவையில் எரிப்பறையின் சூடு ஏறும். முழுத் திராட்டலில் 1 பங்கு பெட்ரோலுக்கு எடைப்படி 12.5 முதல் 13 பங்கு காற்று என்பது பாதுகாப்பான பக்கம். இன்ஜெக்ஷன் மோட்டாரானாலும் தப்ப முடியாது, ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்தும் கணினி) நீங்கள் புளோக் மாற்றியது தானாகத் தெரியாது.

2. டைமிங். "ரேசிங்" என்று எழுதிய சிடிஐ (பொறி விடும் நேரத்தை முடிவு செய்யும் பெட்டி) பலவும் பொறியை முன்னால் தள்ளிவைத்தவை. நல்ல காரில் நாக் சென்சார் கேட்டுத் தானே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நம் கப்சாய்களில் பொதுவாக அது கிடையாது. அதனால் கார்க்காரர் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. சூடு. ரேடியேட்டர் இருக்குமிடம் முன் சக்கரத்துக்குப் பின்னால். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு மழைக்காலம் ஓட்டினால் அதன் பற்களுக்கு இடையே சேறு அப்பிக் காய்ந்து செங்கல்லாகிவிடும். கூலண்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் உள்ளேயும் அடைப்பு இருக்கும்.

4. ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) வழியாக ஏறும் எஞ்சின் எண்ணெய். இது பலருக்குத் தெரியாது. எஞ்சின் எண்ணெய் கலந்த கலவையின் தாங்கும் திறன் குறைந்துவிடும். அது எரிந்து படியும் கரி, மிஞ்சிய இடத்தையும் அடைத்துக் கம்ப்ரஷனை இன்னும் கூட்டும். புதுப் புளோக்கில் ரிங் சரியாக உட்காராமல் வெள்ளைநீலப் புகை விட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

எந்த வரிசையில் சரிசெய்வது

ஒரு விதி மட்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி சத்தம் நின்றால், எது நிறுத்தியது என்று கடைசிவரை தெரியாது. சோதனை ஓட்டமும் ஒரே மேடு, ஒரே கியர், அதே ஆள் எடையாக இருக்கட்டும்.

1. காசு ஆகாதவை: ரேடியேட்டரைக் கழுவுங்கள். கார்போரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் காற்று கசிகிறதா என்று பாருங்கள். மேட்டில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

2. பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சினை நன்றாக ஏறவிட்டு, உடனே நிறுத்தி, ஆறியபின் கழற்ற வேண்டும். வெள்ளைப் பீங்கானை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடியோ ஃபோன் கேமராவோ வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள், நடுவில் ஊசி முனை அளவில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால், அந்த மினுமினுப்பு உங்கள் பிஸ்டனின் அலுமினியம். அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

3. ஒரு டேங்க் ரோன்97. மருந்தாக அல்ல, பரிசோதனையாக. டேங்க் காலியாகும்வரை ஓட்டிவிட்டு ஊற்ற வேண்டும். சத்தம் நின்றால் அது நாக்கிங்தான் என்பது உறுதி, எஞ்சின் எல்லைக்குக் கொஞ்சம்தான் வெளியே போயிருக்கிறது. குறைந்தும் நிற்காவிட்டால் எல்லை தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கொஞ்சமும் மாறாவிட்டால் சத்தம் வேறெங்கிருந்தோ வரலாம். இந்த ஒரு டேங்க் செலவு வீண் இல்லை. ஆக்டேன் பூஸ்டர் புட்டியில் "30 பாயின்ட் கூடும்" என்று பார்த்தால் பூரித்துப்போகாதீர்கள். பெரும்பாலும் ஒரு பாயின்ட் என்பது 0.1 ரோன். 30 பாயின்ட் என்றால் 3தான்.

4. ஒரு படி குளிர்ந்த பிளக். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சி. என்ஜிகேயில் 7 இருந்தால் 8. இரண்டு படி தாவினால் கரி பிடிக்கும். இது நாக்கிங்கை நேராகக் குணப்படுத்தாது, கனன்று முன்னதாகப் பற்றவைப்பதைத் தடுக்கும்.

5. மெயின் ஜெட்டை ஒவ்வொரு எண்ணாகப் பெரிதாக்குங்கள். இன்ஜெக்ஷன் என்றால் காற்று-பெட்ரோல் அளவைக் காட்டும் சென்சாரோடு ரீமேப், அதாவது ஈசியுவின் கணக்கை மாற்றுவது.

6. டைமிங்கை 2 டிகிரி பின்னுக்கு. சத்தம் நின்றதும் அங்கேயே நிறுத்துங்கள். மிகவும் பின்னுக்கு இழுத்தால் இழுவை போகும், எக்ஸோஸ்ட் குழாய் கொதிக்கும். ரேசிங் சிடிஐ இருந்தால் கம்பெனி சிடிஐயைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இதற்கு எளிய சோதனை.

7. இதற்கும் அடங்காவிட்டால் ஹெட்டைக் கழற்றி அளக்க வேண்டியதுதான். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு, பிளக் எல்லாம் மாட்டிய நிலையில், ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி மூடி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்லிய எண்ணெயை நிரப்பிப் பாருங்கள். எத்தனை மில்லி போனதோ அத்தனை சிசி. கேஸ்கெட் தடிமனுக்கும் பிஸ்டன் தலையின் மேடு பள்ளத்துக்கும் கூட்டிக் கழிக்க வேண்டும். ஸ்க்விஷ் இடைவெளியை, பிஸ்டன் ஓரத்தில் ஈயப்பற்றுக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை அளந்தால் தெரிந்துவிடும்.

உண்மையில் ஏழாவது வேலை முதல் நாளே, புளோக் ஏற்றும்போதே நடந்திருக்க வேண்டும். ஒரு சிரிஞ்சும் அரை மணி நேரமும் போதும். புளோக்குக்குப் பல நூறு வெள்ளி கொடுப்பவர்கள் இந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

விட்டுவைத்தால்

எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனாலும் பிஸ்டன் பிழைத்திருப்பது, அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் போர்வைபோல் காப்பதால். நாக்கிங் அலை அந்தப் போர்வையைக் கிழிக்கிறது. பிஸ்டன் ஓரம் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் சொரசொரப்பாகும், இரண்டு ரிங்குக்கு நடுவில் உள்ள வரப்பு உடையும், கேஸ்கெட் போகும். எப்போதாவது மேட்டில் ஓரிரு முறை மெல்லக் கேட்டால் பதற வேண்டாம். அதிக ஆர்பிஎம்மில் வரும் நாக்கிங்தான் ஆபத்து, எக்ஸோஸ்ட் சத்தத்தில் அது காதிலேயே விழாது.

இன்னொன்று, எஞ்சினுக்கு வெளியே. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியில்லாமல் எஞ்சின் கொள்ளளவை மாற்றி ரோட்டில் ஓட்டுவது குற்றம். 150 சிசி வரை மோட்டாருக்கு ரோடு டாக்ஸ் ஆண்டுக்கு 2 வெள்ளி, 151 முதல் 200 வரை 30 வெள்ளி. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) உள்ள சிசியைத்தான் பார்ப்பார்.

தாப்பாவில் ஒரு டியூன், தானா ராத்தாவில் ஒரு டியூன்

தாப்பா பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஏறினால் தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் சுமார் 85 விழுக்காடுதான், காற்றும் குளிர்ச்சி. லாத்தா இஸ்கண்டார் அருவி வரை கிணுகிணுத்துக்கொண்டு வந்த மோட்டார், ரிங்லெட் தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கார்போரேட்டர் மோட்டாரில் இன்னொன்றும் நடக்கும். காற்று மெலியும்போது பெட்ரோல் அதே அளவில் வருவதால் கலவை தடித்து, எஞ்சின் மந்தமாகும். "ஜெட் பெரிசாயிடுச்சு" என்று மலையிலேயே ஒரு எண் குறைத்து மாட்டிவிட்டு, அதே ஜெட்டோடு மறுநாள் கீழே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கீழே அந்த ஜெட் மெலிவு. மலையில் அமைதியாக இருந்தது கீழே முதல் மேட்டிலேயே தட்டத் தொடங்கும். எனவே ஜெட்டையும் டைமிங்கையும் தாப்பாவில், மத்தியானச் சூட்டில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு முடிவு செய்யுங்கள். மலைக்குப் போகும் நாளில் கொஞ்சம் மந்தமாக ஏறினால் ஏறட்டும்.